சாண் அகலத்தில் ஒரு கோபுரம்

அத்தியாயம் பதினொன்று

ரஹ்மத்துன்னிசாவின் கழுத்திலிருந்து தாலியான கருகமணியைக் கழற்ற வியாழக்கிழமை மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு என்று நேரம் குறித்திருந்தார்கள். காலை பத்து மணிக்கே தபால்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

ராஜபாளையத்தில் அந்த வீட்டுத் துக்கம் தெரியாத தெரு கிடையாது. ரங்கூனுக்குப் போய் ஒன்பது வருஷமான ஜமால் முகமது, ஆவணி மாதம் பிளேக் நோயில் மவுத்தாகிவிட்டான் என்று, அங்கே வேலை பார்த்த தனுஷ்கோடி என்பவன் வந்து சொன்னான். தை கடைசியில் கப்பலில் திரும்பியவன் அவன். கண்ணால் பார்த்தாயா என்றால் பார்த்தேன் என்றான். அடக்கம் செய்தார்களா என்றால் செய்தார்கள் என்றான். அதற்கு மேல் கேட்டால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இறந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால், கணவனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாளும் ரஹ்மத்து அறியாமலே முடிந்துவிட்டது என்று பள்ளிவாசல் ஹஜரத் சொல்லிவிட்டார். ஒரு பெண் விதவையானதும் தெரியாமல், விதவைக் காலம் கழிந்ததும் தெரியாமல், அத்தனை நாளும் கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு சோறு வடித்திருக்கிறாள். இந்தக் கொடுமையை நினைத்து ஊரே அழுதது. அவள் மட்டும் அழவில்லை. அதற்கும் ஊர் ஒரு பேச்சுப் பேசியது.

அவளுடைய அண்ணன் நைனா முகமது அன்று விடியலிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். முதல் நாளே சுந்தரபாண்டியத்துக்குப் போய், அங்கே வாழ்க்கைப்பட்ட ஜமாலின் அக்காள் அசீனாவையும் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, அதே வண்டியில் கூட்டிவந்தான். சடங்கு முடிந்ததும் தங்கையைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. தளவாய்புரத்தில் மனைவியை இழந்த ஜவுளிக்காரர் ஒருவர் பெண் கேட்டிருப்பது ரஹ்மத்துக்கும் தெரியும். நைனா கெட்டவன் இல்லை. இருபத்தாறு வயதுத் தங்கை இன்னொருத்தர் வீட்டு மூலையில் வாடுவதை ஒன்பது வருஷம் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன்.

தபால் உறையில் இங்கிலீஷில் விலாசம். மதுரை முத்திரை. உள்ளே அட்டையில் ஒட்டிய மூன்று போட்டோப் படங்கள். கடிதம் இல்லை. ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் ஒரு வரி தமிழில், முன்பின் தெரியாத யாரோ குமாஸ்தாவின் குண்டு எழுத்தில் இருந்தது.

மாமனார் பக்கீர் முகமது மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மகன் போன துக்கத்தில் பத்து நாள் படுத்துக் கிடந்து எழுந்த மனிதர். ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்து அது எந்த ஊர் என்று சொல்லும் உரிமையை எந்தத் துக்கத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“இது மதுர மகாலு. நான் போயிருக்கேன்” என்றார் ஒரு படத்தைக் காட்டி.

“மாமா, மதுர மகால் தூணைக் கட்டிப்புடிக்க நாலு ஆளு வேணும்” என்றான் நைனா.

“இதக் கட்டிப்புடிக்க எம்புட்டுப் பேரு வேணும்னு படத்துல எழுதியிருக்காக்கும்?”

“பின்னால எழுதியிருக்கதப் படிங்க.”

பக்கீர் முகமது திருப்பிப் படித்தார். ‘ராஜா கட்டினார். வக்கீல் குடியிருக்கிறார்.’

“அதான் சொன்னேனே. மதுரயில இல்லாத வக்கீலா?” என்று வெற்றியோடு நிமிர்ந்தார்.

நைனா அடுத்த படத்தை எடுத்தான். கருங்கல் சுவர் ஒன்றின் அடிப்பாகம். முட்டளவுக்கு ஒரு புடைப்பு, அதற்கு மேல் ஒரு வரிசைச் சிற்பம், அதோடு படம் முடிந்துவிட்டது. “இது என்னன்னே தெரியலியே. படம் புடிச்சவன் குடிச்சிட்டுப் புடிச்சானா? மூணு படத்துலயும் ஒரு ஓரம் கருப்பா அப்பிக் கெடக்கு.”

ரஹ்மத்து உள்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் பார்வையிலேயே மூன்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஜமாலோடு வாழ்ந்தாள். அந்த ஏழு மாதத்தில் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்குமாக நாலைந்து தடவை வண்டிப் பயணம். பெண்கள் போகும் வண்டிக்குத் திரை போட்டிருக்கும். ஜமால் முன்பக்கம் வண்டிக்காரரோடு உட்கார்ந்து வருவான். ஊருக்குள் நுழைந்ததும் திரும்பிப் பார்க்காமலே, கைக்கம்பால் திரையை ஒரு சாண் மட்டும் விலக்குவான்.

“ஏட்டி, இது என்ன, சொல்லு பாப்போம்.”

முதல் தடவை அவள் அந்தச் சாண் அகலத்தில் ஒரு கருங்கல் சுவரைப் பார்த்தாள். “ஜெயிலு” என்றாள்.

அவன் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. “ஒங்க வீட்டு முத்தத்துல நின்னுக்கிட்டு அன்னாடம் பாக்கியே ஆண்டாள் கோயில் கோபுரம், அதோட காலு இது!”

அவள் நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்தவள். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் ஓட்டுக்கு மேலே கோபுரத்தின் உச்சி தெரியும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவளுக்கு அதுதான் கோபுரம். பத்து வயதுக்கு மேல் திரை போட்ட வண்டியில் எத்தனையோ முறை போனபோது, கீழே ஒரு கல் சுவர் ஓடுவதையும் இடுக்கில் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்று வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சாண், ஒரு சாணாக ஊரைக் காட்டினான். நாயக்கர் மகால், தேரடி, சத்திரம், ராஜபாளையம் பாதையில் பாதி வழியில் நிற்கும் கல் மண்டபம். அவள் தப்பாகச் சொன்னால் ஒரு விடுகதைபோல் துப்புக் கொடுப்பான். சரியாகச் சொன்னால் முதுகைக் காட்டிக்கொண்டே “ஆமா” என்பான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வழியெல்லாம் காத்திருப்பாள். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு அவன் முகம் சற்று மங்கிவிட்டது. அந்த “ஆமா” மங்கவில்லை.

ரங்கூனில் ஒரு போட்டோக் கடையில் வேலை கிடைத்தது என்று ஆரம்பத்தில் கடிதம் எழுதினான். ஆறு வருஷம் கடிதம் வந்தது. பிறகு மூன்று வருஷம் எதுவும் இல்லை.

“மாமா, அது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலு. அங்கதான் கோர்ட்டு நடக்கு” என்றாள் ரஹ்மத்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

“அண்ணன் கையில இருக்கது ஆண்டாள் கோயில் கோபுரத்தோட காலு. பின்னால என்ன எழுதியிருக்கு?”

நைனா திருப்பிப் படித்தான். ‘பிறந்த வீட்டு முற்றத்தில் தலை. வண்டிப் பாதையில் கால்.’ படித்துவிட்டு அவளையே பார்த்தான்.

“அவிய அனுப்பியிருக்காவ” என்றாள். “வேற ஒருத்தருக்கும் இது தெரியாது.”

பக்கீர் முகமது அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். அசீனா அடுப்படியிலிருந்து ஓடி வந்து தம்பி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நைனா மட்டும் தலையை ஆட்டினான். “ஏட்டி, ஆசைக்கு அளவு வேணும். போட்டோக் கடைக்காரன்கிட்ட என்னைக்கோ குடுத்து வச்சிருப்பாரு. இவரு செத்த பொறவு அவன் சாவகாசமா தபால்ல போட்டுருப்பான். செத்தவரு இதயெல்லாம் அனுப்புதாரா?”

சொன்னது கொடுமையாக இருந்தாலும் நியாயமாக இருந்தது.  இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெருப் பெண்கள் வந்துவிடுவார்கள். கழுத்தில் கிடக்கும் கருகமணியைக் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

“மூணாவது படத்தப் பாருங்க” என்றாள்.

நான்கு கல் தூண், தட்டையான ஒரு கல் கூரை. சுற்றி வெறும் வானம். பின்னால் ‘நிழல் விழுந்தது. கல் நிற்கிறது’ என்று எழுதியிருந்தது.

“இது எங்க?” என்றார் மாமனார்.

“பாதி வழியில இருக்கே கல் மண்டபம், அது.”

“போடி கிறுக்கி” என்றான் நைனா. “அந்த மண்டபம் எனக்குத் தெரியாதா? அது மேல ஆலமரம் கவுந்து கெடக்கும். தூணே தெரியாது. அந்த மரந்தான் ஐப்பசி அடமழையில...”

அதோடு நிறுத்திவிட்டான்.

 அன்று காலையில்கூட அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் அவன் வந்தான். மரம் சாய்ந்து பாதையை அடைத்து, இரண்டு நாள் வண்டிப் போக்குவரத்து நின்றதை இதே வீட்டில் உட்கார்ந்து அவன்தான் கதைகதையாகச் சொன்னான்.

“ஐப்பசியில விழுந்த மரம்” என்றார் பக்கீர் முகமது மெதுவாக. “படத்துல மரம் இல்ல. அப்ப ஆவணியில மவுத்தான என் புள்ள...” அவருக்கு மேலே பேச வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழந்தைபோல் ஏங்கி ஏங்கி அழுதார். “இருக்கான். என் புள்ள இருக்கான். அசீனா, தெருவுல போயிச் சொல்லு. எவளும் வர வேண்டாம்!”

ரஹ்மத்துவுக்கு வந்த சந்தோஷத்தை எழுதி முடியாது. உயிரோடிருக்கிறார். ரங்கூனில்கூட இல்லை, இந்த மண்ணில் இருக்கிறார். அந்த மண்டபத்தின் எதிரில் நின்றிருக்கிறார்.  மூன்று படங்களையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. மண்டபத்திலிருந்து இந்த வீடு ஒன்றரை மணி நேர வண்டிப் பாதை. அதுவரை வந்தவர் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

அசீனா குனிந்து படத்தைப் பார்த்தாள். மூன்று படத்திலும் இடப்பக்கம் அப்பிக் கிடந்த கருப்பின் அடியில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. விரலால் தொட்டாள். “ரஹ்மத்து, இது பழுதில்ல. இது வண்டித் திரை.”

“திரையா?”

“காத்துக்குத் தூக்காம இருக்கக் கீழ சோழி வச்சுத் தச்சிருக்கு பாரு. நான் இன்னைக்கு வந்த வண்டியிலயும் இப்படித்தான் சோழி. இந்தச் சுத்துப்பட்டியிலே அந்த வண்டிக்காரரு சமுத்திரத்தோட வண்டியிலதான் இப்படி உண்டு.”

ரஹ்மத்துவின் மடியிலிருந்து ஒரு படம் நழுவி விழுந்தது. திரை போட்ட வண்டியில் ஆண்கள் போவதில்லை. ஆண் தனியாகப் போனால் திரையைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தால்தான் திரை தொங்கும். அவர் யாரோ ஒருத்தியை உட்கார்த்தி வைத்து, ஒரு சாண் விலக்கி, இது என்ன சொல்லு என்று கேட்டாரா? அவளுக்கும் துப்புக் கொடுத்தாரா? அவள் சரியாகச் சொன்னபோது ‘ஆமா’ என்றாரா?

கணவன் செத்தான் என்று கேட்டபோது வராத எரிச்சல் இப்போது வந்தது. அவன் இருக்கிறான் என்று தன் வாயாலேயே நிரூபித்தாகிவிட்டது. இனி அவள் விதவையும் இல்லை, அவனோடு வாழ்கிறவளும் இல்லை.

“மைனி, அந்த வண்டிக்காரரு வாசல்லதான இருக்காரு? கூப்பிடுங்க” என்றாள்.

சமுத்திரம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வாயைத் திறக்க யோசிக்கிற மனிதர். நடையில் வந்து ஓரமாக நின்றார். ரஹ்மத்து கதவுக்குப் பின்னால் நின்றாள். வழக்கமாக அவள் கேட்க வேண்டியதை அசீனா கேட்பாள். இன்று அவளே கேட்டாள்.

“ஐப்பசிக்குப் பொறவு ஒங்க வண்டியில திரை போட்டு மண்டபத்துக்கு யாரு வந்தா?”

சமுத்திரம் தரையைப் பார்த்தார்.

“சொல்லும்யா!” என்று நைனா அதட்டினான்.

“அய்யனார் மேல சத்தியம் வாங்கியிருக்காரு” என்றார் சமுத்திரம். “நானா சொல்லக் கூடாதுன்னு. இந்தத் தாயி தானாக் கண்டுபிடிச்சுக் கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாரு.”

“நான் கேக்கேன். வண்டியில எந்தப் பொம்பள இருந்தா?”

“பொம்பளையா?” சமுத்திரம் நிமிர்ந்தார். “பொம்பள யாரும் இல்ல தாயி. அவரேதான் திரைக்குள்ள உக்காந்துக்கிட்டாரு. தலையோட துண்டப் போத்திக்கிட்டு, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு. கையில ஒரு சின்னப் பொட்டி வச்சிருந்தாரு. அங்கங்க நிறுத்தச் சொல்லி, திரையை இம்புட்டு வெலக்கி அதுல என்னமோ அமுக்குவாரு. நான் முகத்தக்கூடச் சரியாப் பாக்கல.”

கதவுக்குப் பின்னால் ரஹ்மத்து படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஏன் ஒளியணும்? சீக்கா? குத்தமா?” என்று நைனா கேட்டான்.

“அது எனக்குத் தெரியாதுய்யா.”

“அப்ப தனுஷ்கோடி வந்து செத்துட்டான்னு சொன்னது யாரு சொல்லி?”

சமுத்திரம் மறுபடி தரையைப் பார்த்தார். அதுவே போதுமான பதிலாக இருந்தது. 

“பாத்துக்கோ” என்று நைனா தங்கையைப் பார்த்துக் கத்தினான். “ஒன்னைய அத்துவிடத்தான் ஆள் வச்சுச் சொல்லியனுப்பியிருக்கான். அந்த மனுசனுக்காக ஒம்பது வருசம்!”

ரஹ்மத்துவுக்கு வேறு ஒன்று புரிந்தது. தனுஷ்கோடியை அனுப்பியது அவர்தான். நான் இல்லை, நீ வாழ் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பொறுக்க முடியாமல் படங்களையும் அனுப்பிவிட்டார். விட்டுவிடவும் நினைத்தார், விடவும் முடியவில்லை. அவள் மேல் இத்தனை ஆசை வைத்திருந்தும் இப்படியா ஒருவர் செய்வார் என்று கோபம் வந்தது. கண்டுபிடிக்காமல் போயிருந்தால்? இன்று மத்தியானம் கருகமணி இறங்கியிருக்கும். அடுத்த மாதம் தளவாய்புரத்து ஜவுளிக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை விடுகதையாகப் போடுகிற மனிதரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. நேரில் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

“இப்ப எங்க இருக்காவ?”

“வத்திராயிருப்புக்கு மேக்க, மலையடிவாரத்துல ஒரு மாந்தோப்பு. போன வாரம் அரிசி எறக்கிட்டு வந்தேன்.”

“நான் போறேன். நான் கூட்டிட்டு வாரேன் என் புள்ளய” என்று பக்கீர் முகமது கம்பைத் தேடினார்.

“நீங்க வந்தா இருக்க மாட்டாருய்யா. இந்தத் தாயத் தவிர வேற யாரு வந்தாலும் மலை ஏறிப் போயிருவேன்னு சொல்லியிருக்காரு.”

கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அசீனா அவர் பக்கத்தில் அமர்ந்து முதுகைத் தடவினாள்.

ரஹ்மத்து கதவைத் தாண்டி நடைக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு இந்தத் தெருவுக்கு வந்தாவளா?”

சமுத்திரம் தயங்கினார். “வந்தாரு தாயி. தெருமுக்குல நிறுத்தச் சொன்னாரு. வெயிலு ஏறுற நேரம். நீங்க வாசல்ல நின்னு கீரை வாங்கிக்கிட்டிருந்தீக. கட்டு சின்னதா இருக்குன்னு கீரைக்காரி முத்தாத்தாகிட்ட சண்டை போட்டீக. நீங்க உள்ள போற வரைக்கும் திரைய விலக்கிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“‘எளைச்சுட்டா’ன்னாரு. அம்புட்டுத்தான். பொறவு போகச் சொன்னாரு.”

ஒரு மாதமாக அழாதவள் அப்போது அழுதாள். முக்காட்டின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது. ஒரு கட்டுக் கீரைக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நின்ற அந்தக் காலையில், நாற்பது அடி தூரத்தில் அவர் இருந்தார். ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். “வண்டியப் பூட்டுங்க” என்றாள் சமுத்திரத்திடம். “ராத்திரியானாலும் இன்னைக்கே அங்க போகணும்.”

சமுத்திரம் வெளியே போனார். மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது.

நைனா முகமது வாசலுக்குக் குறுக்கே வந்து இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. “ஒன்னைய வேண்டாம்னு செத்தவன் மாதிரி ஒளிஞ்சிருக்கவன்கிட்ட நீயா போயி நிக்கப் போறியா? போனா எங்க வீட்டு வாசலு ஒனக்குக் கெடையாது, ரஹ்மத்து. சத்தியமாச் சொல்லுதேன். அவன் அங்க இல்லன்னாலும் திரும்பி வர ஒனக்கு எடமில்ல.”

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவன் பேச்சைத் தட்டாதவள். அவன் சொன்னதைச் செய்கிறவன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“கையை எடுண்ணே” என்றாள்.

அவன் எடுக்கவில்லை. அவள் குனிந்து அவன் கைக்குக் கீழே புகுந்து தெருவுக்கு வந்தாள்.